செவிலியர் ஆணையம் திட்டம் போடும்போது எங்கே சறுக்குகிறது?

சில வருஷங்களுக்கு முன்பு நீலகிரி மாவட்டத்தின் பந்தலூரிலிருந்து ஒரு செவிலியர் என்னைத் தேடிக் குன்னூருக்கு வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் சான்றிதழ்கள். படித்ததும் பதிவு செய்ததும் எல்லைக்கு அந்தப் பக்கம், வேறு மாநிலத்தில். கல்யாணமாகி இங்கே வந்துவிட்டார். தமிழ்நாட்டில் வேலை செய்ய இங்கே பதிவு வேண்டும், அதற்கு அங்கிருந்து என்.ஓ.சி., அதாவது ஆட்சேபணை இல்லை என்ற சான்று, வர வேண்டும். மாதக்கணக்கில் வரவில்லை. அந்த மாநிலப் பதிவேட்டில் பெயர் இருக்கிறது, ஆள் இல்லை. இங்கே ஆள் இருக்கிறார், பெயர் இல்லை. மூன்று மாநிலம் சந்திக்கும் கூடலூர் பக்கம் இது சாதாரணம்.

செவிலியர்களுக்கான தேசிய ஆணையத்தின் நீண்டகாலத் திட்டம் என்றாலே எனக்கு அந்தப் பிளாஸ்டிக் கவர்தான் ஞாபகம் வரும். பதிவேட்டைச் சரிசெய்யாமல் திட்டம் எழுத உட்காருவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பேன்.

இந்திய நர்சிங் கவுன்சிலுக்கான 1947 சட்டத்துக்குப் பதிலாக 2023 ஆகஸ்டில் புதுச் சட்டம் வந்தது. இந்திய நர்சிங் கவுன்சில் இருந்த இடத்தில் தேசிய நர்சிங் மற்றும் மிட்வைஃபரி (பேறுகாலப் பராமரிப்பு) ஆணையம், மாநிலங்களில் மாநில ஆணையங்கள், நாடு முழுமைக்கும் ஒரு பதிவேடு என்று அது சொல்கிறது. நல்ல விஷயம். ஆனால் தமிழ்நாட்டில் பதிவுமுறை 1926-ஆம் ஆண்டு மெட்ராஸ் சட்டத்தில் தொடங்கியது. இத்தனை காலம் சேர்ந்த பெயர்களில் காலமானவர்கள் இருப்பார்கள், வெளிநாடு போனவர்கள் இருப்பார்கள், குழந்தை பிறந்ததும் வேலையை விட்டவர்கள் இருப்பார்கள். அந்த மொத்தத்தை மக்கள்தொகையோடு ஒப்பிட்டு "இத்தனை பேருக்கு ஒரு செவிலியர்" என்று எழுதினால், அதற்கு மேல் கட்டுகிற எல்லாமே ஆட்டம் காணும். இன்றைக்கு யார், எங்கே, என்ன வேலையில் இருக்கிறார் என்று கண்டுபிடிக்கவே முதல் வருஷம் முழுக்கப் போனாலும் பரவாயில்லை.

அடுத்தது, தன் கையில் இல்லாததை இலக்காக வைப்பது. மலையில் காலிப் பணியிடங்களை நிரப்புவதும் சம்பளம் கொடுப்பதும் வேலைக்கு வைத்திருப்பவர்களின் பொறுப்பு. ஆணையத்தின் கையில் இருப்பது கல்வித் தரம், கல்லூரி மதிப்பீடு, பதிவு, ஒழுங்கு நடவடிக்கை. இதைச் சொன்னால் சக செவிலியர்களுக்குக் கோபம் வரும். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் நமக்காகப் பேசச் சங்கங்கள் உண்டு. ஆணையம் இருப்பது நோயாளியைக் காப்பதற்கு.

மிட்வைஃபரியை நர்சிங்கின் வாலாக ஒட்டவைப்பது நான் அதிகம் வருத்தப்படும் தவறு. ஆணையத்தின் பெயரில் இரண்டும் சமமாக இருக்கின்றன, திட்டத்தில் ஒன்றுக்கு நாற்பது பக்கம், இன்னொன்றுக்கு அரைப் பக்கம் என்றால் எப்படி? 2018-இல் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல், செவிலியர்களுக்கு 18 மாத மிட்வைஃபரி பயிற்சியைச் சொல்கிறது. சரி, அவர்கள் எங்கே கற்பார்கள்? மலையில் பிரசவங்கள் குறைவு. கொஞ்சம் சிக்கல் என்றாலும் தாயைக் கோவைக்கு அனுப்பிவிடுகிறோம். நான் பாடம் எடுத்த ஓரிடத்தில், ஒரே பிரசவத்தைச் சுற்றி ஐந்து மாணவிகள் நின்றார்கள். குழந்தையை ஏந்தியவர் ஒருவர். மறுநாள் ஐந்து கேஸ் புத்தகத்திலும் அதே தாயின் பெயர், அதே நேரம், "நான் செய்தது" என்று. கையெழுத்துப் போட மறுத்தேன், பெரிய சண்டையானது. அந்தப் பிள்ளைகள் மீது தப்பே இல்லை. கற்றுக்கொள்ள எத்தனை பிரசவம் கிடைக்கும் என்று பார்க்காமல் இடங்களை அனுமதித்ததுதான் தப்பு. பிரசவ எண்ணிக்கையை வைத்துச் சீட்டு எண்ணிக்கையைக் கணக்கிடாத வரை இது மாறாது.

செய்த வேலையையே பலனாகக் காட்டுவதும் உண்டு. "இத்தனை கல்லூரிகளை ஆய்வு செய்வோம்" என்பது இலக்கே இல்லை. ஆய்வுக்குப் பிறகு எத்தனை குறைகள் சரியாயின, என்.ஓ.சி. விண்ணப்பம் எத்தனை நாளில் முடிந்தது என்று எழுதினால்தான் யாராவது கேள்வி கேட்க முடியும். பொறுப்பாளர், கெடு, பணம் மூன்றும் எழுதாத வரியை நீக்கிவிடலாம்.

அப்புறம், எல்லா ஊருக்கும் ஒரே அளவுகோல். துணை சுகாதார நிலையம் அமைக்க சமவெளியில் 5,000 பேர், மலையிலும் பழங்குடிப் பகுதியிலும் 3,000 பேர் என்று அரசே பிரித்து வைத்திருக்கிறது. வேலையில் இருப்பவர்களின் தொடர்கல்விக்கு மட்டும் ஏன் பிரிப்பதில்லை? மலையில் இருக்கும் மஞ்சூரில் வேலை பார்க்கும் வி.எச்.என். (கிராம சுகாதார செவிலியர்) ஒருநாள் வகுப்புக்குச் சமவெளிக்கு இறங்கினால், அன்றைக்கு அவர் பகுதியில் கர்ப்பிணிகளைப் பார்க்க ஆளில்லை. வகுப்பு மலைக்கு ஏறி வர வேண்டும்.

கடைசியாக, கருத்துக் கேட்பு. ஆங்கிலத்தில் வரைவைப் போட்டுவிட்டு மின்னஞ்சலில் கருத்து அனுப்பச் சொன்னால், கல்லூரி முதலாளிகள்தான் அனுப்புவார்கள். பிரசவ வார்டில் திட்டு வாங்கிய பணியர் பழங்குடிப் பெண்ணுக்கு, செவிலியர் மீது புகார் கொடுக்க ஓர் இடம் உண்டு என்பதே தெரியாது. கூடலூர் அஸ்வினி மருத்துவமனையில் பழங்குடிப் பெண்களே பயிற்சி பெற்றுச் செவிலியராக வேலை செய்கிறார்கள். இரண்டு பக்கமும் தெரிந்தவர்கள் அவர்கள். புகார் எப்படி வாங்கலாம், எந்த மொழியில் வாங்கலாம் என்று அவர்களிடம் உட்கார்ந்து கேட்கலாம், வரைவு எழுதத் தொடங்குவதற்கு முன்பே.