பழைய மொண்டியோவுக்குச் சூடாகும் முன்கண்ணாடி

இங்கிலாந்தின் லெஸ்டர் நகரக் குளிரில் தினமும் காலையில் முன்கண்ணாடி ஐஸைச் சுரண்டி விரல் மரத்துப்போனதில், என் 1996 ஃபோர்டு மொண்டியோவுக்குச் சூடாகும் கண்ணாடி போட்டுவிடலாம் என்று இறங்கினேன். இரண்டு கண்ணாடி அடுக்குகளுக்கு நடுவே முடியைவிட மெல்லிய கம்பிகள் ஓடும், அவ்வளவுதான். ஃபோர்டு இதை 1985-லேயே கிரனாடா காரில் கொடுத்துவிட்டது.

கண்ணாடியை ஆள் வைத்து ஒட்டினேன், வயரிங் மட்டும் நானே. இடது பாதி, வலது பாதி இரண்டும் தனித்தனிச் சுற்று, ஒவ்வொன்றும் இருபது ஆம்பியருக்கு மேல் இழுக்கும், அதனால் பேட்டரியிலிருந்து தடித்த வயர், தனி ஃபியூஸ், தனி ரிலே (சிறிய மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் சுவிட்ச்). டைமரும் வைத்தேன், இல்லாவிட்டால் அணைக்க மறந்து பேட்டரி காலி.

முதல் நாள் பயணி பக்கம் மட்டும் உருகியது! கண்ணாடிதான் போச்சு என்று நினைத்து வயிறு கலங்கியது. ஓம் மீட்டரில் பார்த்தால் இரண்டு பாதியும் ஒரே அளவு. அப்புறம் சுவிட்சைப் போட்டுவிட்டு ஓட்டுநர் பக்கத்து எர்த் முனைக்கும் (கார் உடல் தகட்டில் போல்ட் போட்ட வயர் முனை) பேட்டரி மைனஸுக்கும் இடையே அளந்தேன், 5 வோல்ட்; கிட்டத்தட்ட பூஜ்யமாக இருந்திருக்க வேண்டும். மின்சாரம் சரியாகக் கடக்காத பெயிண்ட்டின் மேலேயே போல்ட்டை முறுக்கியிருக்கிறேன், என் அவசரம். தகடு தெரியச் சுரண்டி இறுக்கினேன், சரியாகிவிட்டது.