அட்டை 1967, தட்டு 1982: சார்ஜென்ட் பெப்பர் சேகரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சில ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடமிருந்து பீட்டில்ஸின் 'சார்ஜென்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்' இசைத்தட்டை வரவழைத்தேன். பிரிட்டன், மோனோ (ஒற்றைத்தட ஒலி), 1967 முதல் பதிப்பு என்று விவரம் சொன்னது. பெட்டியைப் பிரித்ததும் மனம் குளிர்ந்தது. தடித்த முதுகுள்ள மடிப்பு அட்டை, வெட்டி எடுத்து விளையாடும் தாள், சிவப்பும் இளஞ்சிவப்பும் அலையலையாகக் கரையும் உள்ளுறை என்று எல்லாம் சரியாக இருந்தன. தட்டை எடுத்தேன். கறுப்பு லேபிளில் மஞ்சள் நிறத்தில் பார்லோஃபோன் என்ற வெளியீட்டுப் பெயர். அதுவும் சரிதான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு லேபிளின் விளிம்பைச் சுற்றி ஓடும் பொடி எழுத்துகளைப் படித்தபோதுதான் வயிற்றில் புளி கரைந்தது. அன்று தட்டை வெளியிட்ட கிராமபோன் கம்பெனியின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஈ.எம்.ஐ. ரெகார்ட்ஸ் என்றிருந்தது. அந்த நிறுவனப் பெயர் லேபிளுக்கு வந்ததே 1973இல்தான். 1982இல் பழைய மஞ்சள், கறுப்பு லேபிளுடன் மறுவெளியீடாக வந்த மோனோ தட்டை யாரோ 1967 அட்டைக்குள் குடிவைத்திருக்கிறார்கள். விற்றவர் ஏமாற்றினாரா, அவரே ஏமாந்தவரா தெரியாது. அட்டையைப் பார்த்துப் பணம் அனுப்பியது நான்.

இந்தத் துறையில் நடக்கும் தவறுகளில் பாதி இதன் உறவினர்களே. அட்டையும் தட்டும் ஒரே நாளில் பிறந்தவை என்று நாம் நம்பிவிடுகிறோம். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கை மாறிய பொருள் அது. கீறல் விழுந்த தட்டைத் தூக்கிப்போட்டுவிட்டு, நல்ல அட்டைக்குள் வேறு தட்டை வைத்தவர்கள் எத்தனையோ பேர். ஆகவே வாங்குமுன் மூன்று படங்கள் கேளுங்கள்: இரண்டு பக்க லேபிள்களும், கடைசிப் பாட்டுக்கும் லேபிளுக்கும் நடுவே உள்ள வெற்று வளையமும். அட்டைப் படத்தை மட்டும் பத்துக் கோணங்களில் எடுத்து அனுப்புகிறவரிடம் வாங்காமல் இருப்பது நல்லது.

அந்த வெற்று வளையத்தில்தான் தட்டின் ஜாதகம் இருக்கிறது. விளக்குக்குக் கீழே தட்டைச் சாய்த்துப் பிடித்தால் பிரிட்டன் மோனோவில் எக்ஸ்.இ.எக்ஸ். 637-1 என்று முதல் பக்கத்திலும், 638-1 என்று மறுபக்கத்திலும் பொறித்திருக்கும். ஸ்டீரியோ (இரட்டைத்தட ஒலி) என்றால் ஒய்.இ.எக்ஸ். என்று தொடங்கும். இந்த எண்ணை ஆறு மணி நிலையில் வைத்துக்கொண்டு பாருங்கள். ஒன்பது மணிப் பக்கம் தனியாக ஓர் எண் இருக்கும்; அது தாய் அச்சின் எண். மூன்று மணிப் பக்கம் ஒன்றிரண்டு எழுத்துகள் இருக்கும். அது தட்டை அழுத்தி வார்க்கும் உலோக அச்சான ஸ்டாம்பரின் எண்; அந்த ஸ்டாம்பரைப் பெற்றதுதான் தாய் அச்சு. எழுத்து எப்படி எண் ஆகும்? கிராமபோன் லிமிடெட் என்ற பெயரிலிருந்தே கம்பெனி ஒரு கணக்கு வைத்திருந்தது. ஜி என்றால் 1, ஆர் 2, ஏ 3, எம் 4, ஓ 5, பி 6, எச் 7, எல் 8. லிமிடெட்டின் ஆங்கிலச் சுருக்கத்தில் மிஞ்சும் இரண்டு எழுத்துகளும் 9, 0. ஜி.ஓ. என்றிருந்தால் பதினைந்தாவது ஸ்டாம்பர். முதன்முதலில் இதைப் படித்துக் கணக்குப் போட்ட அன்று, பழைய கல்வெட்டு ஒன்றை வாசித்துவிட்டதுபோல் ஒரு மிதப்பு வந்தது.

அந்த மிதப்புத்தான் அடுத்த தவறுக்கு வழி. '-1' என்று பார்த்ததும் '1967 முதல் பதிப்பு' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். '-1' என்பது முதலில் வெட்டிய மூலத் தட்டைக் குறிக்கிறது. அதே மூலத்திலிருந்து பின்னாளிலும் தட்டுகளை வார்க்க முடியும். தேதியைச் சொல்வது லேபிள்தான். அறுபதுகளின் பிரிட்டன் லேபிளில், மறுவிற்பனை விலை நிபந்தனைக்கு உட்பட்டே விற்கப்படுகிறது என்ற ஒரு வரி அச்சாகியிருக்கும். பத்தாண்டின் இறுதியில் அந்த வரி போயிற்று. பிறகு மஞ்சள் எழுத்தே போய், ஈ.எம்.ஐ. பெட்டிச் சின்னத்துடன் வெள்ளி எழுத்து வந்தது. எண்ணையும் லேபிளையும் சேர்த்துப் படித்தால்தான் பதில் கிடைக்கும். சிறிய ஸ்டாம்பர் எண்ணுக்காக இருமடங்கு விலை கொடுப்பது பற்றி ஒன்று சொல்லவேண்டும்: மூன்றாவது ஸ்டாம்பருக்கும் முப்பதாவதுக்கும் என் காதில் வித்தியாசம் தெரிந்ததே இல்லை. முள் தேய்த்துத் தள்ளிய தட்டு எந்த ஸ்டாம்பரில் பிறந்தால் என்ன?

மோனோ பழையது, ஸ்டீரியோ புதியது, ஆகவே ஸ்டீரியோவே மேல் என்று எண்ணுவது இன்னொன்று. இந்த ஆல்பத்தைப் பொறுத்தவரை அது தலைகீழ். 1967இல் பிரிட்டனில் பெரும்பாலோர் கேட்டது மோனோ. குழுவினர் பொறுமையாக உட்கார்ந்து கலவை செய்ததும் அதற்குத்தான். இரண்டும் ஒரே ஒலியின் இரு வடிவங்கள் என்றுகூடச் சொல்ல முடியாது. 'ஷீ இஸ் லீவிங் ஹோம்' மோனோவில் வேகமாகவும் சுருதி கூடியும் ஓடும். ஸ்டீரியோவில் இழுத்துக்கொண்டு சோகம் கனக்கும். 'லூசி இன் த ஸ்கை வித் டயமண்ட்ஸ்' மோனோவில்தான் குரல் நீருக்கடியிலிருந்து வருவதுபோல் சுழலும். தலைப்புப் பாட்டு திரும்ப வருமிடத்தில், முடிவில் குழுவின் பால் மெக்கார்ட்னி கத்துவது மோனோவில் தெளிவாகக் கேட்கும். அதனால் 'மோனோ' என்று எழுதிய அட்டைக்குள் ஸ்டீரியோ தட்டு வந்தால் அது சின்னக் குறை அல்ல, வேறு பொருள். பட்டியல் எண்ணைச் சரிபாருங்கள்: பிரிட்டனில் மோனோ பி.எம்.சி. 7027, ஸ்டீரியோ பி.சி.எஸ். 7027. அமெரிக்காவில் மோனோ எம்.ஏ.எஸ். 2653, ஸ்டீரியோவுக்கு அதன் முன்னால் ஓர் எஸ். கூடும்.

விலையையும் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். பிரிட்டனில் 1967 ஸ்டீரியோ குறைவு, மோனோ ஏராளம். அமெரிக்காவில் இது நேர்மாறு. மோனோ அங்கே அப்போதே விடைபெற்றுக்கொண்டிருந்தது. 'மோனோதான் அரிது' என்று யாராவது பொத்தாம்பொதுவாகச் சொன்னால், எந்த ஊரில் என்று கேளுங்கள்.

எல்லா நாட்டிலும் ஒரே பாட்டுகள்தானே என்ற நம்பிக்கைக்கு நியாயமான காரணம் உண்டு. அதுவரை பீட்டில்ஸ் ஆல்பங்களைக் கேப்பிட்டல் நிறுவனம் அமெரிக்காவுக்கென்று கலைத்து அடுக்கி வந்தது. பாட்டு வரிசை மாறாமல் இரு நாடுகளிலும் வந்த முதல் ஆல்பம் இது. ஆனாலும் ஓர் ஓட்டை உண்டு. பிரிட்டன் தட்டில் கடைசிப் பியானோ ஒலி அடங்கிய பிறகு, மனிதக் காதுக்கு எட்டியும் எட்டாமலும் சுமார் 15 கிலோஹெர்ட்ஸில் ஒரு சீழ்க்கை, அதைத் தொடர்ந்து லேபிளை ஒட்டிய கடைசிச் சுற்றுப் பள்ளத்தில் அர்த்தமில்லாத பேச்சு, முள்ளை எடுக்கும்வரை சுழன்றுகொண்டே இருக்கும். அன்றைய அமெரிக்கத் தட்டில் இவை இரண்டும் இல்லை. இது தெரியாமல் நல்ல அமெரிக்கத் தட்டைக் 'குறையுள்ளது' என்று திருப்பி அனுப்பியவரை எனக்குத் தெரியும். இந்தப் பேச்சுக்காகவே பிரிட்டன் தட்டை வாங்கிவிட்டு, பாட்டு முடிந்ததும் முள் உள்ள கையைத் தானே தூக்கிக்கொள்ளும் பிளேயரில் போட்டுவிட்டு, ஒன்றும் வரவில்லையே என்று புலம்பியவரையும் தெரியும். சீழ்க்கை என் காதுக்கு இப்போது எட்டுவதில்லை. அறையில் படுத்திருக்கும் பூனைதான் தலையைத் தூக்கிப் பார்க்கிறது.

பெரிய விதிவிலக்கு நமக்குக் கிழக்கே இருக்கிறது. போதைப்பொருளைச் சுட்டுவதாகக் கருதி, மலேசியா, ஹாங்காங் சந்தைகளுக்கான பதிப்பில் மூன்று பாட்டுகளை எடுத்துவிட்டார்கள்: 'வித் எ லிட்டில் ஹெல்ப் ஃப்ரம் மை ஃப்ரெண்ட்ஸ்', 'லூசி', 'எ டே இன் த லைஃப்'. பதிலுக்கு 'த ஃபூல் ஆன் த ஹில்', 'பேபி யூ ஆர் எ ரிச் மேன்', 'ஐ ஆம் த வால்ரஸ்' நுழைந்தன. பினாங்கில் இருந்து வந்த மாமாவின் பெட்டியில் இப்படி ஒன்று கிடந்தால் திருட்டுப் பதிப்பு என்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அதேபோல் அதை '1967 ஜூன் வெளியீடு' என்று விற்றால் வாங்காதீர்கள். நுழைந்த பாட்டுகளில் இரண்டு அந்த ஆண்டு நவம்பருக்கு முன் கடைக்கே வரவில்லை.

இந்தியப் பதிப்பில் இரண்டு தவறுகள் எதிரெதிராக நிற்கின்றன. பாதிப் பேர் கல்கத்தா டம் டம் ஆலைத் தட்டு என்றாலே மட்டம் என்கிறார்கள். மீதிப் பேர் இந்தியாவில் கிடைத்தது என்பதாலேயே அரிது என்கிறார்கள். அதே பார்லோஃபோன் லேபிளும் அதே பட்டியல் எண்ணும் இருப்பதால் பிரிட்டன் தட்டு என்றே சில இடங்களில் விற்கிறார்கள். கிராமபோன் கம்பெனி ஆஃப் இந்தியாவின் பெயரோ, மேட் இன் இந்தியா என்ற சொற்களோ லேபிளில் உண்டா என்று பாருங்கள். நான் பார்த்தவரை, பிரச்சினை ஆலையில் அல்ல, வீட்டில். கனத்த முள்ளுள்ள பிளேயர்களில் விருந்துக்கு விருந்து ஓடி, தாறுமாறாகத் தேய்ந்தவை பல. இடைச்செருகலாக ஒன்று: அட்டையில் பிரபலங்களின் உருவப்படங்கள் கூட்டமாக நிற்கும்; அந்தக் கூட்டத்தில் முதலில் காந்தியும் நின்றார். இந்தியாவில் விற்பனை கெடும் என்று அஞ்சி, ஈ.எம்.ஐ. தலைவர் ஜோசப் லாக்வுட் அவரை எடுக்கச் சொன்னார். யோகானந்தர் உள்ளிட்ட நான்கு யோகிகள் தப்பினர். எனவே 'காந்தி உள்ள அபூர்வ அட்டை' என்று யாராவது நீட்டினால் பணப்பையை மூடிக்கொள்ளுங்கள்.

ஜப்பான் தட்டுகள் பற்றிச் சுருக்கமாக. அங்கே இவற்றை வெளியிட்ட தோஷிபா நிறுவனம் தூசி ஒட்டாதிருக்க 'எவர்கிளீன்' என்ற சிவப்புத் தட்டுகளை வார்த்தது, அழகுதான். ஆனால் நிறம் தேதியைச் சொல்லாது, லேபிளைப் பாருங்கள். அட்டையைச் சுற்றிவரும் ஓபி என்ற காகிதப் பட்டை இல்லையென்றால் விலை வெகுவாக இறங்கும். இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். படம் அச்சிட்ட தட்டும் கலர்த் தட்டும் எழுபதுகளின் இறுதியில் வந்த விளையாட்டுகள். சுவரில் மாட்டலாம்.

தர மதிப்பீட்டில் வரும் சொற்களை அகராதிப் பொருளில் எடுத்துக்கொள்ளாதீர்கள். 'குட்' என்றால் நல்லது அல்ல. பாட்டுக்குப் பாட்டு பொரிகிற சத்தம். 'வெரி குட்' என்பதுகூட மேலெழுந்த கீறலுள்ள தட்டு. காதுகொடுத்துக் கேட்கத் தகுந்தது 'வெரி குட் பிளஸ்' முதல்தான். அனுப்பும்போது தட்டை அட்டைக்கு வெளியே வைத்துக் கட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் வழியில் தட்டே அட்டையின் ஓரத்தைக் கிழித்துவிடும். சுங்கவரியையும் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள். வந்து சேர்ந்த பிறகு படுக்கவைத்து அடுக்காமல் நிமிர்த்தி நிறுத்துங்கள், வெயில் படும் சன்னலுக்கு எட்டத்தில்.

கடைசியாக அந்த விளையாட்டுத் தாள். மீசை, பட அட்டை, பட்டைகள், சின்னங்கள், நிற்கவைக்கும் உருவம் என்று ஐந்தும் வெட்டாமல் இருந்தால்தான் முழு விலை. 'தாள் உண்டு' என்று மட்டும் எழுதியிருந்தால் 'முழுதாகவா' என்று கேளுங்கள். நான் கேட்காமல் வாங்கிய ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. லேபிள் சரி, எண் சரி, உள்ளுறை சரி. தாளில் மீசையை மட்டும் யாரோ ஒரு பிள்ளை கோணல்மாணலாக வெட்டி எடுத்திருக்கிறது.