பருமனானவருக்கு பி.பி. ஏறினால் அது எந்த வகை என்று பாருங்கள்

புதிதாகப் பயிற்சிக்கு வரும் மருத்துவர்களைக் கவனிக்கிறேன். எடை கூடிய ஒருவருக்கு 150/95 காட்டியதும், "இந்த உடம்புக்கு பி.பி. வராமல் இருக்குமா" என்று மாத்திரை எழுதிவிடுகிறார்கள். நாங்களும் அந்த வயதில் இப்படித்தான் எழுதினோம். உப்பு, நடை பற்றியெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விடுகிறேன்.

பருமன் பி.பி.யை ஏற்றும் என்பது உண்மை. வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு சிறுநீரகத்தை நெருக்குகிறது. இதயத்தை வேகப்படுத்தி ரத்தக் குழாய்களைச் சுருக்கும் பரிவு நரம்புகள் முடுக்கிவிடப்படுகின்றன. ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் கூடி, உடலில் உப்பும் நீரும் தேங்குகின்றன. ஆனால் அந்த ஏற்றம் எல்லோரிடமும் ஒரே மாதிரி இருப்பதில்லை. அதைப் பார்ப்பதில் நடக்கும் தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

சின்ன கஃப்

எனக்கு இன்றும் கோபம் வருவது இதில்தான். பி.பி. பார்க்கக் கையில் சுற்றும் பட்டைதான் கஃப். அதற்குள் இருக்கும் காற்றுப்பை, மேற்கையின் சுற்றளவில் 80 சதவீதமாவது சுற்றி வர வேண்டும். சிறிய கஃபில் அழுத்தம் தமனிவரை சரியாகப் போய்ச் சேராது. அதனால் கூடுதலாகக் காற்று ஏற்ற வேண்டியிருக்கும், அளவும் பொய்யாக உயரும். 2023இல் வெளியான ஓர் ஆய்வில், மிகப் பெரிய கஃப் தேவைப்பட்டவர்களுக்குச் சாதாரண கஃபில் பார்த்தபோது சிஸ்டாலிக், அதாவது மேல் அளவு, சராசரியாக 19.5 கூடுதலாகக் காட்டியது. 125 உள்ளவரை 144 ஆக்க அது போதும்.

ஒரு பெண்மணி "மருந்துக்கு அடங்காத பி.பி." என்ற முத்திரையோடு வந்தார். மூன்று மாத்திரை போதாமல் நான்காவதும் சேர்த்திருந்தார்கள். எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது என்றார். டேப் வைத்து அளந்தேன், கை 42 செ.மீ. பெரிய கஃபில் 112தான் இருந்தது. மாத்திரைகளை ஒவ்வொன்றாகக் குறைத்தோம். அதற்கு முன் எத்தனையோ முறை அவருக்கு பி.பி. பார்த்திருப்பார்கள், ஒருவர்கூடக் கையை அளக்கவில்லை! அலமாரிவரை போய்ப் பெரிய கஃபை எடுத்துவரச் சோம்பல்பட்டு, ஒருவருக்கு வேண்டாத மருந்து கொடுப்பதை என்னால் ஏற்கவே முடியாது.

கை மேலே பருத்து முழங்கைப் பக்கம் ஒடுங்கியிருந்தால் பெரிய கஃபும் நழுவும். அப்போது முன்கையில், இதயத்தின் மட்டத்தில் வைத்துப் பாருங்கள்.

கிளினிக் அளவை மட்டும் நம்புவது

கிளினிக்கில் 140/90ஐத் தாண்டி, வீட்டில் 135/85க்குக் கீழே இருந்தால் அது வெள்ளை அங்கி பி.பி., மருத்துவரிடம் வந்தால் மட்டும் ஏறுவது. இதை எல்லோரும் சொல்வார்கள். நழுவவிடுவது இதன் எதிர்வகையை. கிளினிக்கில் நல்ல அளவு, வீட்டில் உயர்வு. இந்த மறைந்த பி.பி. இதயத்தையும் சிறுநீரகத்தையும் கெடுத்துக்கொண்டே இருக்கும். வீட்டு அளவு கேட்காமல் இது பிடிபடாது.

கீழ் அளவை அலட்சியம் செய்வது

இளவயதில் பருமனாக இருப்பவருக்கு 130/94 வரலாம். "மேலே சரியாகத்தானே இருக்கிறது" என்று அனுப்பாதீர்கள்.

எடை குறைந்த பிறகும் பழைய டோஸ்

குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் பி.பி. ஏறக்குறைய 1 மி.மீ. இறங்கும். டோஸைத் திரும்பப் பாருங்கள்.

குறட்டை பற்றிக் கேட்காதது

தூக்கத்தில் பி.பி. 10 முதல் 20 சதவீதம் இறங்க வேண்டும். பருமனோடு தூக்க மூச்சுத்தடையும் உள்ளவர்களுக்குப் பல நேரம் இறங்குவதில்லை, சிலருக்கு ஏறவே செய்கிறது. இரவுச் சராசரி 120/70ஐத் தொட்டாலே அதிகம்தான். பகலில் எத்தனை முறை பார்த்தாலும் இது தெரியாது, 24 மணி நேரக் கருவி வேண்டும். சரியான கஃபில் பார்த்தும், நீர்ப்போக்கி (சிறுநீரைக் கூட்டும் மாத்திரை) உட்பட மூன்று மருந்துகளை ஒழுங்காகச் சாப்பிட்டும் பி.பி. அடங்கவில்லையா? நான்காவதை எழுதும் முன், குறட்டை உண்டா, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று பக்கத்தில் படுப்பவரிடம் கேளுங்கள். நோயாளிக்கே அது தெரிந்திருக்காது.