அப்பாவும் பிள்ளையும் ஏற்காட்டில் படம் எடுக்க

சேலத்தில் உங்கள் குடியிருப்பு அப்பாக்களும் சிறு பிள்ளைகளும் சேர்ந்து புகைப்படம் பழக நினைத்தால், ஏற்காடு ஏரிக்கரைக்குக் காலையிலேயே போய்விடுங்கள். 20 கொண்டை ஊசி வளைவு ஏறிய களைப்பு தீரட்டும், அப்புறம் கேமரா.

பனிமூட்டத்தில் போன் எடுக்கும் படம் பெரும்பாலும் மங்கிச் சாம்பலாகத்தான் வரும். எங்கும் வெண்மையாக இருப்பதால், வெளிச்சம் அதிகம் என்று கேமரா கணக்குப் போட்டு அதைக் குறைத்துவிடுகிறது. எடுக்க வேண்டியதைத் திரையில் தொட்டு, பல போன்களில் அருகே தோன்றும் சூரியக் குறியைக் கொஞ்சம் மேலே இழுங்கள், சரியாகிவிடும். இதைப் பிள்ளையே செய்யட்டும். போனில் கழுத்துக் கயிறு மாட்டி அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுங்கள். அப்பா மண்டியிட்டு அந்த உயரத்திலிருந்து பார்த்தால் போதும், தயவுசெய்து பிடுங்கித் திருத்த வேண்டாம்.

ஏற்காட்டின் லேடீஸ் சீட் காட்சிமுனைப் பக்கம் குரங்குகள் உண்டு, தின்பண்டத்தை வெளியே எடுக்காதீர்கள்.