குரூஸ் நிற்கும் நாளில் மூழ்கிய கப்பல் டைவ்: புதியவர்கள் கோட்டை விடும் இடங்கள்

கரீபியன் தீவுகளில் டைவ் படகில் ஏறினால், குரூஸ் கப்பலிலிருந்து நேராக வந்தவர்களை உடனே அடையாளம் கண்டுவிடலாம். கழுத்தில் கேபின் அட்டை தொங்கும், தோளில் கப்பலின் துண்டு கிடக்கும், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கை தானாகக் கைபேசிக்குப் போகும். அவர்களில் முதல்முறை வருகிறவர்கள் செய்கிற பிழைகளைப் பார்த்தால், நாங்கள் தொடங்கிய காலத்தில் செய்தவை அப்படியே திரும்ப நடப்பதுபோல் இருக்கிறது.

சன்ஸ்கிரீன் மறப்பது, இறுக்கமான மாஸ்க் வாங்குவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். ஒருமுறை அவதிப்பட்டால் யாருக்கும் அது மறக்காது. பணத்தையோ பயணத்தையோ காவு வாங்குகிற பிழைகள் வேறு.

பெயருக்காக மூழ்கிய கப்பலைத் தேர்ந்தெடுப்பது

பார்படாஸையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஸ்டாவ்ரொனிகீட்டா என்ற பெரிய சரக்குக் கப்பல் கிடக்கிறது. தீப்பிடித்து வீணானதை 1978-இல் வேண்டுமென்றே மூழ்கடித்தார்கள். அதன் அடிப்பகுதி ஏறத்தாழ 40 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லையே அந்த 40 மீட்டர்தான். ஓப்பன் வாட்டர் என்ற தொடக்கநிலை டைவ் சான்றிதழ் வைத்திருப்பவருக்குச் சொல்லப்படும் எல்லை 18 மீட்டர், அதற்கு அடுத்த நிலையான அட்வான்ஸ்டு முடித்தவருக்கு 30. அதே தீவின் கார்லைல் விரிகுடாவில், ஓப்பன் வாட்டர் அட்டையோடு நிம்மதியாகச் சுற்றிவரக்கூடிய ஆழத்தில் சின்னச் சின்னக் கப்பல்கள் பல கிடக்கின்றன. ஆனால் புதியவர்கள் கேட்பது ஸ்டாவ்ரொனிகீட்டாவைத்தான்.

அப்படிக் கேட்டு, கடைசி நிமிடத்தில் 'உங்கள் அட்டைக்கு இது சரிவராது' என்று சொல்லப்பட்டு, மேல்தளத்தை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு ஏறி வருகிறார்கள். ஆழம் கூடினால் நேரமும் சுருங்கும். பரவலாகப் பயன்படும் ஒரு டைவ் அட்டவணைப்படி 18 மீட்டரில் 56 நிமிடம் இருக்கலாம்; 30 மீட்டரில் வெறும் 20 நிமிடம். காற்று அதற்கு முன்பே தீர்ந்துவிடும் என்பது வேறு. அரூபாவின் அன்டில்லா, 1940-இல் ஜெர்மானியர்கள் தாங்களே மூழ்கடித்த பெரிய கப்பல், சுமார் 18 மீட்டர் ஆழத்துக்குள்ளேயே இருக்கிறது. புதியவர் ஒருவர் என்னிடம் யோசனை கேட்டால் அந்த மாதிரி இடத்தைத்தான் சொல்வேன்.

கைபேசி காட்டும் மணியை நம்புவது

இதைப் பற்றிப் பேசினாலே எனக்கு எரிச்சல் வரும். ஏனென்றால் இது தவிர்க்க முடியாத விபத்து இல்லை. கப்பலை விட்டு இறங்கும்முன் ஒரே ஒரு கேள்வி கேட்டால் தீர்ந்துபோகிற விஷயம்.

கேமன் தீவுகளும் மெக்சிகோவின் கோசுமெலும் கடிகாரத்தை வருடம் முழுக்க மாற்றுவதில்லை. ஃபுளோரிடாவில் மார்ச்சில் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி, நவம்பரில் திரும்ப வைக்கிறார்கள். அங்கிருந்து கிளம்பும் பல கப்பல்கள் புறப்பட்ட ஊரின் நேரத்திலேயே ஓடுகின்றன. சில கப்பல்கள் மாற்றிக்கொள்கின்றன. உங்கள் கைபேசியோ தீவின் சிக்னல் கிடைத்த உடனே யாரையும் கேட்காமல் தீவின் நேரத்துக்குத் தாவிவிடும். அதாவது, கோடையில் கைபேசி மணி இரண்டு என்று காட்டும்போது கப்பலில் மணி மூன்றாக இருக்கலாம்.

கிராண்ட் கேமனில் ஒரு கோடைகாலத்தில் நான் தங்கியிருந்தபோது, படகில் ஓர் இளம் தம்பதி வந்திருந்தார்கள். இரண்டாவது டைவ் முடிந்து, வெட்சூட்டை இடுப்புவரை உருட்டிவிட்டுக்கொண்டு, கரையில் எங்கே சாப்பிடலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். கரைக்கும் கப்பலுக்கும் ஆளேற்றும் டெண்டர் படகுகளில் கடைசியானது மூன்று மணிக்கு என்று அச்சடித்த தாள் அந்தப் பெண்ணின் பையில் இருந்தது. கைபேசியில் மணி இரண்டு பத்து. 'கப்பல் நேரமா, தீவு நேரமா?' என்று கேட்டேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நாங்கள் கரையை நெருங்கும்போது, அவர்கள் வந்த கப்பலின் பக்கவாட்டில் ஓர் ஆரஞ்சு நிற டெண்டர் மெதுவாக மேலே தூக்கப்பட்டுக்கொண்டிருந்தது. படகுக்காரர் காலையில் அவர்களிடம் எதையும் கேட்கவில்லை, அவர்களும் தாங்கள் குரூஸ் பயணிகள் என்று சொல்லவில்லை.

பாஸ்போர்ட் கேபினின் பெட்டகத்தில். மாற்றுத்துணி கேபினில். கையில் இருந்தது ஒரு கைபேசி, ஒரு கடன் அட்டை, நனைந்த நீச்சல் உடை. கப்பல் ஊழியர்கள் பெட்டகத்தைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்துத் துறைமுக ஏஜென்டிடம் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். இவர்களுக்கும் அப்படிக் கிடைத்தது. அடுத்த துறைமுகத்துக்கு விமான டிக்கெட், இடையில் ஓர் இரவு ஓட்டல், எல்லாமே சொந்தச் செலவு. அடுத்த நாட்டுக்குள் விமானத்தில் நுழைய விசா வேண்டுமென்றால் அது இன்னொரு தலைவலி.

இதே கணக்கு மறுபக்கமும் கடிக்கும். அரூபா, குராசாவ், பார்படாஸ் ஆகியவற்றின் நேரம் குளிர்காலத்தில் ஃபுளோரிடாவைவிட ஒரு மணி நேரம் முன்னால். டைவ் சென்டர் 'எட்டரைக்குப் படகு' என்று எழுதினால், மாற்றாத கப்பல் கடிகாரத்தில் அது ஏழரை. நீங்கள் காலை உணவை முடித்துவிட்டு நிதானமாக இறங்கும்போது படகு போயிருக்கும், முன்பணமும் கூடவே போயிருக்கும்.

சரி, என்ன செய்வது? கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்தில் வைத்துவிட்டு, அன்று முழுக்க அதைத் தொடாதீர்கள். ஆழத்தையும் நேரத்தையும் காட்டும் டைவ் கம்ப்யூட்டரையும் அதே நேரத்துக்கு மாற்றிவிட்டால், தண்ணீருக்கடியிலும் சரியான மணி தெரியும். டைவ் சென்டருக்கு எழுதும்போது கப்பலின் பெயரையும், எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும் என்பதையும், அது எந்த நேரம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அப்புறம், எட்டிலிருந்து நான்கு வரை என்று அச்சிட்டிருந்தால் எட்டு மணி நேரம் கிடைத்ததாக எண்ணிவிடாதீர்கள். எட்டு மணிக்குக் கப்பல் நிற்கும். தீவு அதிகாரிகள் அனுமதித்த பிறகே யாரும் இறங்க முடியும். கிராண்ட் கேமன் போல டெண்டரில் கரை சேரும் இடங்களில் வரிசை உண்டு, கப்பலே நடத்தும் சுற்றுலாக்களுக்கு முன்னுரிமை உண்டு. ஒன்பதரைக்குக் கரையில் கால் வைத்தால் நல்ல நாள். இரண்டு டாங்க் பயணத்துக்கு, அதாவது இரண்டு டைவ் செய்யும் பயணத்துக்கு, சுமார் நான்கு மணி நேரம் பிடிக்கும். திரும்பும் டெண்டருக்கும் வரிசைதான், கடைசி டெண்டரோ புறப்பாட்டுக்கு வெகு முன்பே கிளம்பிவிடும். இந்தக் கணக்கில் இடிக்கிறது என்றால், கப்பல் வழியாகவே பதிவு செய்யுங்கள். விலை கூடுதல்தான். ஆனால் அந்தப் படகு தாமதித்தால் கப்பல் காத்திருக்கும், அல்லது உங்களை அடுத்த துறைமுகத்தில் சேர்க்கும் பொறுப்பை ஏற்கும்.

உங்கள் கப்பலே டைவ் இடத்தை மூடுவது

குராசாவின் சுப்பீரியர் புரொட்யூசர் 1977-இல் மூழ்கிய சரக்குக் கப்பல். பெரிய குரூஸ் கப்பல்கள் கட்டும் துறைக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது. துறையில் குரூஸ் கப்பல் நிற்கும்போது அங்கே இறங்கக் கட்டுப்பாடு உண்டு. அதாவது நீங்கள் வந்திருப்பதே தடை. முன்பதிவுக்கு முன் கேட்டுவிடுங்கள்.

பழைய வீடியோவைப் பார்த்துப் போவது

கிட்டிவேக் 2011-இல் கிராண்ட் கேமனில் மூழ்கடிக்கப்பட்ட அமெரிக்கக் கடற்படைக் கப்பல். நேராக நின்றுகொண்டிருந்தது. 2017-இல் நேட் புயலின் அலைகள் அதைப் பக்கவாட்டில் சாய்த்துவிட்டன. இன்று உள்ளே போனால் தரை சுவராகவும் சுவர் தரையாகவும் இருக்கும். பழைய வீடியோ பார்த்து வழியை மனப்பாடம் செய்து வந்தவர்கள் உள்ளே போன வேகத்தில் குழம்பி நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

'சும்மா ஒரு அறை மட்டும்' என்று நுழைவது

பயிற்சியும் விளக்கும் வழி காட்டும் கயிறும் இல்லாமல் மூழ்கிய கப்பலுக்குள் போக வேண்டாம். வழிகாட்டி முன்னால் போனாலும், வெளிச்சம் கண்ணில் படாத இடத்துக்குப் போகாதீர்கள்.

மருத்துவப் படிவத்தைப் படகில் முதன்முறை பார்ப்பது

சில கேள்விகளுக்கு 'ஆம்' என்று எழுதினால் மருத்துவர் கையெழுத்து கேட்பார்கள். ஆஸ்துமா, இரத்த அழுத்த மாத்திரை எல்லாம் அதில் வரும். கப்பல் மருத்துவர் போட்டுத் தருவார் என்று நம்பி வராதீர்கள். படிவத்தை முன்கூட்டியே மின்னஞ்சலில் வாங்கி, ஊரிலேயே கையெழுத்து வாங்கி வையுங்கள்.

காப்பீடு

பயணக் காப்பீட்டில் டைவிங் சேர்ந்திருக்கிறதா, எந்த ஆழம் வரை என்று வாசியுங்கள்.

முந்தைய இரவு மது

வேண்டாம்.

கடைசித் துறைமுகத்தில் டைவ், மறுநாள் விமானம்

ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரமும், ஒன்றுக்கு மேல் என்றால் குறைந்தது 18 மணி நேரமும் விமானம் ஏறக்கூடாது என்பது பரவலாக ஏற்கப்பட்ட பரிந்துரை. பெரும்பாலும் குரூஸ் முடியும்போது கடலில் ஒரு முழுநாள் இருக்கும், அதனால் பிரச்சினை இல்லை. ஆனால் கடைசித் துறைமுகத்துக்கு மறுநாள் காலையே இறங்கி விமானம் பிடிக்கும் பயணத்திட்டம் என்றால், மாலை நான்கு மணிக்கு இரண்டாவது டைவை முடித்தவர் மறுநாள் காலை பத்துவரை காத்திருக்க வேண்டும். அந்தத் துறைமுகத்தில் டைவே வேண்டாம் என்றும் வைத்துக்கொள்ளலாம். அதே நாளில் ஹெலிகாப்டரிலோ மலை உச்சிக்கோ போகும் சுற்றுலாவை எடுத்திருந்தால், அதை டைவுக்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள்.