பார்ஜ் மூடிகள்: புதியவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

தலைக்கவசம் போடு, உயிர்காப்பு அங்கி கட்டு, தூக்கிய மூடிக்குக் கீழே நிற்காதே என்பதையெல்லாம் முதல் நாளே சொல்லிவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். பார்ஜ் என்பது தட்டையான சரக்குப் படகு; சரக்கு நனையாமல் அதன் மேல் மூடிகள் போடுவார்கள். திருகோணமலையில் இறங்குதுறை வேலைக்கு வரும் பிள்ளைகள் அந்த மூடிகளைக் கையாளும்போது நல்ல மனதோடு செய்துவிடும் தவறுகள் சில உண்டு. வருடா வருடம் அதையேதான் பார்க்கிறேன்.

எல்லா மூடியையும் ஒரேயடியாகக் கழற்றுவது

எனக்கு இன்றைக்கும் கோபம் வருவது இதற்குத்தான். "அண்ணை, கிரேன் நிக்கேக்கையே எல்லாத்தையும் கழட்டி வைப்பம், பிறகு மினக்கெடத் தேவையில்லை" என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் கிராப் (கிரேனில் தொங்கும் அள்ளுவாளி) ஒரு நேரத்தில் ஒரு இடத்தில்தான் அள்ளும். மிச்ச இடமெல்லாம் வீணாகத் திறந்து கிடக்கும்.

ஒரு கார்த்திகை மாதம், கோதுமை ஏற்றிய பார்ஜ். காலையில் நல்ல வெயில். மூடி முழுவதையும் கழற்றிவிட்டு, கிரேனை வேறு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். மத்தியானம் வாடைக்காற்றோடு மழை இறங்கியபோது மூடியைத் தூக்க வழியில்லை. பிள்ளைகள் தறப்பாளை இழுத்துக்கொண்டு நனைந்த விளிம்பில் ஓடினார்கள். காற்று தறப்பாளைக் கிளப்ப, ஒருவன் கால் வழுக்கி உள்ளே விழப் போனான். பக்கத்தில் நின்றவன் சட்டையைப் பிடித்து இழுத்ததால் தப்பினான்.

கோதுமை தப்பவில்லை. மேலே நனைந்ததை முதலில் அள்ளி ஒதுக்கியிருந்தால் கீழே உள்ளதையாவது காப்பாற்றியிருக்கலாம். அவசரத்தில் கிராப்பை அப்படியே இறக்க, ஈரமும் காய்ந்ததும் கலந்துபோனது. ஈரத் தானியம் சூடேறும், பூஞ்சணம் பிடிக்கும், சேர்ந்து கிடப்பதையும் கெடுக்கும்.

சரி, எப்படிச் செய்வது? கிராப் அள்ளும் இடத்துக்கு வேண்டிய மூடிகளை மட்டும் எடுங்கள். ஒவ்வொன்றிலும் இலக்கம் எழுதி, கடைசியாகப் போட வேண்டியது அடியில் இருக்கும்படி அடுக்குங்கள். கிரேன் விலகுவதற்கு முன்னால், திறந்திருப்பதை மூட எவ்வளவு நேரமாகும் என்று மேற்பார்வையாளரிடம் கேளுங்கள். ஐப்பசி முதல் தை வரை அதற்குப் பதில் கிடைக்காமல் ஒரு மூடியையும் தொடக் கூடாது.

காற்றைக் கணக்கில் எடுக்காதது

ஃபைபர் கிளாஸ் மூடி பாரம் குறைவு, பரப்போ பெரிது. மிசிசிப்பி ஆற்றில் ஓடும் வழமையான பார்ஜ் 195 அடி நீளம், 35 அடி அகலம்; அதைக் குறுக்காக மூடும் மூடி எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். ஆடி மாதக் கச்சான் காற்றில் மழை இல்லைதான், ஆனால் தொங்கும் மூடியைச் சுழற்ற அந்தக் காற்றே போதும். இரண்டு முனையிலும் பிடிகயிறு கட்டுங்கள், அதைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். அப்புறம், அடுக்கி வைத்த மூடிகளையும் கட்டிவையுங்கள்.

மூடியின் மேல் நடப்பது

நடக்காதீர்கள்.

திறந்தவுடன் எட்டிப் பார்ப்பது

பூச்சிக்காகத் தானியத்துக்குப் புகையூட்டியிருந்தால் உள்ளே பொஸ்பீன் வாயு தேங்கியிருக்கும். அமெரிக்காவின் வேலைப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதிப்படி 8 மணி நேர வேலைக்கு அதன் சராசரி வரம்பு வெறும் 0.3 பிபிஎம், அதாவது காற்றின் பத்து லட்சம் பங்கில் 0.3 பங்கு. பூண்டு மணம் வந்தால்தான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். மணம் தெரியாமலும் வாயு இருக்கும். வாயு அளக்கும் மீற்றர் வைத்துப் பார்த்த பிறகே தலையை நீட்டுங்கள்.