பாட்டைக் கேட்டுவிட்டுப் பேசுங்கள்: முஸ்லிம் ராப் கலைஞர்களிடம் ரசிகர்கள் செய்யும் தவறுகள்

கோவையில் ஒரு சின்ன அரங்கு, ராப் நிகழ்ச்சி. திருப்பூர்ப் பையன் ஒருவர் மேடையேறி, பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷின் முன்னால் உட்கார்ந்தே முதுகு வளைந்துபோன தன் அம்மாவைப் பற்றி மூன்று நிமிடம் பாடினார். விடியற்காலை பஜ்ர் தொழுகையை முடித்துவிட்டு, டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டு, ஷிஃப்டுக்கு பஸ் பிடிக்கும் அம்மா. இரண்டாவது வெர்ஸில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாடி முடித்துக் கீழே இறங்கினார். சூழ்ந்து நின்றவர்களில் முதல் ஆள் கேட்டது இது: "பாய், உங்க மார்க்கத்துல பாட்டே ஹராம்னு சொல்றாங்களே, அப்புறம் எப்படிங்க நீங்க பாடறீங்க?"

அவர் சிரித்தார். "அது பெரிய விசயமுங்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். அந்த அம்மாவைப் பற்றி ஒருவர்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்டவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. கொங்குப் பக்கத்தில் நாம் எல்லோரும் அப்படித்தான்; பிரியம் வந்துவிட்டால் உரிமையோடு நேரடியாகக் கேட்டுவிடுவோம். நான் திருப்பூரில் ஸ்க்ரீன் பிரிண்டிங் தொழில் செய்கிறவன், பத்து வருடத்துக்கு மேலாக ராப் கேட்கிறவன். இந்த மாதிரித் தவறுகளில் சிலவற்றை நானே செய்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்த ஹராம் கேள்வியையே, அதாவது பாட்டு மார்க்கத்தில் விலக்கப்பட்டதா என்பதையே எடுத்துக்கொள்வோம். ஆமா, இல்லை என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை அது. குர்ஆனின் 31ஆம் அத்தியாயம் 6ஆம் வசனத்தில் வரும் வீண் பேச்சு என்ற சொல்லை இசையைக் குறிப்பதாக விளக்கிய அறிஞர்கள் உண்டு. இசைக்கருவிகளைக் கண்டிக்கும் நபிமொழி புகாரி தொகுப்பில் இருக்கிறது. பெருநாள் சமயத்தில் இரண்டு சிறுமிகள் தஃப் (நம் பக்கத்தில் தப்ஸ்) என்ற கையால் தட்டும் தாளக் கருவியை அடித்துப் பாடியபோது நபிகள் அவர்களை விட்டுவிடச் சொன்ன செய்தியும் அதே புகாரியில் இருக்கிறது. சுன்னி முஸ்லிம்களின் நான்கு மத்ஹபுகளிலும் (சட்டப் பிரிவுகளிலும்) பெரும்பான்மை அறிஞர்கள் கருவி இசையை ஏற்கவில்லை. 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலியோ நிபந்தனைகளோடு இசைக்கு இடம் கொடுத்து விரிவாக எழுதியிருக்கிறார். ஆயிரம் வருடத்துக்கும் மேலாக நடக்கும் விவாதத்துக்கு, மேடையிலிருந்து இறங்கி மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும் ஒருவர் அரை நிமிடத்தில் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்கிறோம்.

அதற்கும் மேலே ஒன்று. அந்தக் கேள்வியை அவர் நம்மிடமிருந்து முதல் தடவையாகக் கேட்கவில்லை. வீட்டில் அத்தா கேட்டிருப்பார், மாமா கேட்டிருப்பார், இரவில் தூக்கம் வராமல் அவரே தன்னைக் கேட்டுக்கொண்டிருப்பார். ஒவ்வொருவரும் ஒவ்வொரு இடத்தில் போய் நிற்கிறார்கள். அமெரிக்காவின் நேட்டிவ் தீன் என்ற முஸ்லிம் ராப் குழு 2000இல் தொடங்கியதிலிருந்து குரலையும் தாளக் கருவிகளையும் வைத்தே பாடிவந்தது. பிரான்சின் ராப் பாடகர் கெரி ஜேம்ஸ், இஸ்லாத்துக்கு வந்த பிறகு 2001இல் வெளியிட்ட தொகுப்பில் நரம்புக் கருவியும் காற்றுக் கருவியும் வேண்டாம் என்று விட்டார். அமெரிக்க ராப் பாடகர் யாசின் பே, மோஸ் டெஃப் என்ற பழைய பெயரில் 1999இல் வெளியிட்ட முதல் தனித் தொகுப்பை பிஸ்மில்லாஹ் சொல்லித்தான் தொடங்கினார், பீட்டை விடவில்லை. நம் பக்கத்தில் நாகூர் ஹனிபா (1925–2015) வாத்தியங்களோடு பாடிய இறைப்பாடல்கள் கேட்காத முஸ்லிம் தெரு தமிழ்நாட்டில் இருந்திருக்காது. அந்தத் தெருவிலேயே அந்தப் பாட்டையும் கேட்க மாட்டேன் என்கிறவரும் இருப்பார்.

சரி, அப்படியானால் கேட்கவே கூடாதா? கேட்கலாம். பாட்டு வழியாகப் போய்க் கேட்க வேண்டும். "இந்த ட்ராக்குல தப்ஸ் சத்தம் மட்டும் வெச்சிருக்கீங்களே, ஏனுங்க?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் விரும்பினால் மார்க்கம் வரை போவார். விரும்பாவிட்டால் தப்ஸைப் பற்றிப் பேசுவார். எவ்வளவு தூரம் போகலாம் என்பது அவர் கையில் இருக்கும்.

முஸ்லிம் ரசிகர்கள் செய்யும் தவறு இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது, இன்னும் அதிகமாக வலிக்கிறது. பழைய வீடியோவைத் தேடியெடுத்து, "அன்னிக்கு இப்படிப் பாடினீங்க, இன்னிக்குத் தொழுகையைப் பத்திப் பாடறீங்களா?" என்று டி.எம். அனுப்புவது. பாடுகிறவர் பெண்ணாக இருந்தால் பாட்டை விட்டுவிட்டு முக்காட்டை அளப்பது. பிரான்சில் டியாம்ஸ் என்ற ராப் பாடகி உச்சத்தில் இருந்தபோது இஸ்லாத்துக்கு வந்தார். 2009இல் ஒரு பத்திரிகை, அவர் முக்காட்டோடு பள்ளிவாசலிலிருந்து வெளியே வரும் படத்தை மறைந்திருந்து எடுத்து அச்சிட்டது. 2012இல் அவர் இசையையே விட்டுவிட்டார். அப்படி விட்டவர்களின் பழைய படங்களைப் பிரியத்தில்கூடப் பகிராதீர்கள். திரும்பி வாங்க என்று கெஞ்சுவதும் வேண்டாம். பெயரும் அப்படித்தான்: மோஸ் டெஃப், 2012 முதல் தன்னை யாசின் பே என்று அழையுங்கள் என்று சொன்ன பிறகும் பழைய பெயரைப் பிடித்துத் தொங்குவது மரியாதை இல்லை.

இனி, தமிழ் ரசிகனுக்கே உரிய தவறு ஒன்று. நமக்குப் பிடித்தவரைக் கடவுள் என்போம். கட்அவுட்டுக்குப் பால் ஊற்றிப் பழகிய கை. "தலைவா, நீதான் எங்க சாமி" என்று கமென்ட் போடுவது நமக்குச் சாதாரணம். இறைவன் ஒருவனே, அவனுக்கு இணை இல்லை என்பதுதான் ஒரு முஸ்லிமின் நம்பிக்கைக்கு அடித்தளம். அவரையே சாமி என்றால், அவர் வாழ்க்கை முழுவதும் தவிர்க்கிற ஒன்றை அவர் தலையில் கொண்டுபோய் வைக்கிறோம். காலில் விழுவதும் அப்படியே. எனக்குத் தெரிந்த ஒரு கலைஞர், ரசிகர் குனிந்த மாத்திரத்தில் தானும் குனிந்து அவர் தோளைப் பிடித்துத் தூக்கிவிடுவார். அந்த முகத்தில் பெருமை இருக்காது, பதற்றம்தான் இருக்கும்.

இதில் அமெரிக்க ராப்பிலிருந்து வந்த குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. அங்கே பழைய பாட்டுகளில் ஒருவரையொருவர் காட் என்று அழைப்பதைக் கேட்டிருப்பீர்கள். அல்லாஹ் என்ற சொல்லும் கூடவே வரும். உடனே இது இஸ்லாமியப் பாட்டு என்று முடிவுகட்டி, நம்மூர்க் கலைஞருக்கும் அதே வணக்கத்தை அனுப்புகிறோம். அந்த வழக்கம் 1964இல் ஹார்லெமில் உருவான ஃபைவ் பெர்சென்ட் இயக்கத்திலிருந்து வந்தது. கறுப்பின ஆண்தான் கடவுள் என்பது அவர்கள் போதனை. புகழ்பெற்ற ராப் பாடகர் ராக்கிம் அந்த இயக்கத்தைச் சேர்ந்தவர். நேஷன் ஆஃப் இஸ்லாம் என்பது 1930இல் டெட்ராய்ட்டில் தொடங்கிய வேறொரு அமைப்பு. கறுப்பின உரிமைத் தலைவர் மால்கம் எக்ஸ் 1964இல் அதைவிட்டு விலகி, ஹஜ்ஜுக்குப் போய், சுன்னி இஸ்லாத்துக்கு வந்தார். ஐவேளை தொழும் கோவை கரும்புக்கடைப் பையனின் நம்பிக்கையும் ஃபைவ் பெர்சென்ட் போதனையும் ஒன்றல்ல. ஹிப் ஹாப் வரலாற்றை நேசிக்கிறவர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொண்டால், பேச்சு எவ்வளவோ ஆழமாகப் போகும். இதைப் பற்றிக் கேட்டால் பல கலைஞர்கள் உற்சாகமாகிவிடுவார்கள்.

"பாய், தமிழ் சூப்பரா பேசறீங்க." இது பாராட்டு என்று நினைத்துச் சொல்கிறோம். கோவையிலும், பொள்ளாச்சியிலும், கரூர் பள்ளப்பட்டியிலும் ராவுத்தர் வீடுகளில் தாய்மொழியே தமிழ்தான். வேறு என்ன மொழியில் பேசுவார்கள்? உருதுவை வீட்டுமொழியாகக் கொண்டவர்களும் இங்கே தலைமுறை தலைமுறையாகத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். தமிழ் முஸ்லிம்களுக்கு கிஸ்ஸா, முனாஜாத்து, படைப்போர், மசலா என்று தனியான இலக்கிய வகைகளே இருக்கின்றன. மசலா என்பது கேள்வியும் பதிலுமாகவே மார்க்கம் பேசும் வடிவம். வண்ணப்பரிமளப் புலவரின் ஆயிரம் மசலா 1572இல் மதுரையில் அரங்கேறியது. சைஃபரில், அதாவது ராப்பர்கள் வட்டமாக நின்று மாறி மாறிப் பாடும்போது, ஒருவர் கேட்க ஒருவர் மடக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வடிவம் நினைவுக்கு வரும். எதுகை மோனையை ஒரு முஸ்லிம் பையன் பின்னுவதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அவர் எந்த எதுகையைப் பிடித்தார், எங்கே உடைத்தார் என்று பேசுங்கள். "நீங்க முஸ்லிம் மாதிரியே தெரியலீங்க" என்பது இதைவிட மோசம். அதற்கு அவர் நன்றி சொல்ல வேண்டும் என்று வேறு எதிர்பார்க்கிறோம்.

கோவைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். 1997 நவம்பரில் இந்த ஊரில் நடந்த கலவரத்திலும் 1998 பிப்ரவரியில் நடந்த குண்டுவெடிப்புகளிலும் எல்லாத் தரப்பிலும் உயிர்கள் போயின. அதற்குப் பிறகு பிறந்த ஒரு பையனிடம், முஸ்லிம்கள் அதிகம் வாழும் கோட்டைமேட்டுக்காரர் என்பதற்காக, அதைப் பற்றி அபிப்பிராயம் கேட்பது தவறு. எங்கோ ஒரு நாட்டில் ஏதாவது நடந்தால், "நீங்க ஏன் கண்டிக்கலை?" என்று பின்னூட்டம் போடுவதும் அதே தவறு. அவரே தன் பாட்டில் அந்தக் காலத்தைத் தொட்டிருந்தால் அந்த வரியைப் பற்றிப் பேசலாம். தொடாத இடத்தில் நாம் கையை வைக்கக் கூடாது.

இனி என் தவறு. எனக்குப் பிடித்த ஒரு கலைஞருக்காக அறுபது டி-ஷர்ட் அச்சடித்தேன், சொந்தச் செலவில். நல்ல காட்டன், நல்ல பிரிண்ட். முதுகில் அழகான அரபு எழுத்து, இணையத்தில் எடுத்தது. அவரிடம் பெருமையாகக் காட்டினேன். பார்த்ததும் என்னைத் தனியாகக் கூட்டிப்போய், "அண்ணா, இதுல அல்லாஹ் பேர் இருக்குதுங்க" என்றார். வேர்க்கும், அழுக்காகும், போட்டுக்கொண்டே கழிப்பறைக்குப் போவார்கள், நாற்காலியில் சாய்ந்தால் நசுங்கும். நான் இதையெல்லாம் யோசிக்கவே இல்லை. எனக்கு அது அழகான கோடு. அவருக்கு அது இறைவனின் பெயர். கட்டிங் வேஸ்ட்டோடு சேர்த்துப் போடவும் முடியாது. அவரே மூட்டையாகக் கட்டி எடுத்துப்போய், பள்ளிவாசலில் ஹஜ்ரத்திடம் (மார்க்க அறிஞரிடம்) கேட்டு முறையாக அப்புறப்படுத்தினார். அடுத்த முறை அவர் பாட்டிலிருந்து ஒரு தமிழ் வரியை, அவரிடம் கேட்டுவிட்டு, அச்சடித்தேன். படிக்கத் தெரியாத எழுத்தை அச்சடிக்காதீர்கள், பச்சையும் குத்திக்கொள்ளாதீர்கள்.

சத்தத்திலும் இதே தவறு நடக்கிறது. பாங்கோசையையோ குர்ஆன் வசனத்தையோ வெட்டி, பீட் போட்டு, "உங்களுக்காக ரீமிக்ஸ் பண்ணினேன்" என்று அனுப்புகிறார்கள். தமிழில் நமக்கு ஒரு நல்ல சொல் இருக்கிறது: ஓதுதல். அவிநாசி கோயிலில் தேவாரம் பாடுகிறவரை நாம் பாடகர் என்பதில்லை, ஓதுவார் என்கிறோம். குர்ஆனையும் ஓதுகிறார்கள். காதுக்கு ராகமாக இருந்தாலும் அவர்களுக்கு அது பாட்டு இல்லை. ஆகவே சாம்பிள் செய்யும் பொருளும் இல்லை.

மற்றவை சின்ன விஷயங்கள். வெள்ளி மதியம் ஜும்ஆ தொழுகை நேரத்தில் லைவ் வரச் சொல்லாதீர்கள். சூரியன் மறைந்ததும் தொழும் மஃக்ரிப் தொழுகைக்கு நேரம் குறைவு. மாலை நிகழ்ச்சியில் பாங்கு சொன்னதும் அவர் அவசரமாக நகர்ந்தால் செல்ஃபிக்கு மறிக்காதீர்கள். நோன்பு மாதம் ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினோரு நாள் முன்னால் வரும், பார்த்துக்கொள்ளுங்கள், "தண்ணிகூடவா குடிக்க மாட்டீங்க?" என்ற கேள்வியைப் பள்ளிக்கூடத்திலிருந்தே கேட்டுச் சலித்திருப்பார். எதிர்பாலினத்தவரிடம் அவர்களாகக் கை நீட்டாவிட்டால் நெஞ்சில் கை வைத்து வணக்கம் சொன்னால் போதும். மார்க்கத்தின் மீதே உங்களுக்கு உண்மையான ஈடுபாடு வந்திருந்தால், சட்டதிட்டங்களை ஹஜ்ரத்திடமோ படித்தவர்களிடமோ கேளுங்கள். ராப் பாடுகிறவர் மேல் அந்தப் பாரத்தை ஏற்றக்கூடாது.

தவறிப்போய் ஏதாவது கேட்டுவிட்டால் நாலு பக்கம் விளக்கம் எழுத வேண்டியதில்லை. "தப்பாக் கேட்டுட்டேனுங்க, மன்னிச்சுக்கங்க" போதும். கோவை அரங்கில் ஹராம் கேள்வி கேட்டாரே, அவர் இரண்டு வாரம் கழித்து அதைத்தான் செய்தார். கூடவே, அம்மாவின் டிபன் பாக்ஸ் வரும் அந்த இரண்டாவது வெர்ஸைப் பற்றியும் தன் அம்மாவைப் பற்றியும் நாலு வரி எழுதினார். கலைஞரிடமிருந்து ஏழு நிமிடக் குரல் பதிவு ஒன்று திரும்பி வந்தது. கடைசி மூன்று நிமிடம் அந்தப் பழைய கேள்விக்கான பதில். என்னிடம் அதைப் போட்டுக் காட்டட்டுமா என்று கேட்டார். நான் வேண்டாம் என்றேன், யாருக்கும் போட்டுக் காட்ட வேண்டாம், ஸ்டோரியிலும் வைக்க வேண்டாம் என்றேன். வைக்கவில்லை.